பை வேணாம், அண்ணே

பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து இயமங்களை நம் படிப்பு வட்டத்தில் வரிசையாகப் பார்த்து வருகிறோம். அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மச்சரியம் முடிந்தன. இந்த முறை அபரிக்கிரகம். 'பரிக்கிரகம்' என்றால் ஏற்றுக்கொள்வது, பற்றி வைத்துக்கொள்வது. முன்னால் ஒரு 'அ' சேர்ந்தால், தேவைக்கு மேல் ஏற்காமல் இருப்பது. நாம் இதை வழக்கமாக 'பேராசைப்படாதே' என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் பேசுவது மனத்தைப் பற்றி மட்டுமல்ல, நீட்டும் கையைப் பற்றியும்தான். அதனால் இந்தப் பாடத்தைத் தேக்கா ஈரச் சந்தையில் வைத்துப் படிப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே கறிவேப்பிலைக்கு ஒரு சின்னப் பை, பச்சை மிளகாய்க்கு இன்னொன்று, தேங்காய்ப்பூவுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, கடைசியில் எல்லாத்தையும் போட ஒரு பெரிய பை. இதில் எதையும் நாம் கேட்கவில்லை. நீட்டினாங்க, வாங்கிக்கிட்டோம்.

2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சட்டம். தேக்கா மீன்கடைக்கும் சிராங்கூன் சாலை ஓரத்து மளிகைக்கடைக்கும் பொருந்தாது. ஃபேர்பிரைஸுக்கு மறக்காமல் பை கொண்டுபோகிற அதே ஆள், தேக்காவில் ஆறு பைகளோடு வெளியே வருவார். 5 காசு செய்த வேலையை இங்கே நம் வாய்தான் செய்யணும்.

அந்த ஆறு பைகள் எங்கே போகின்றன? சிங்கப்பூரில் அவை பெரும்பாலும் தெருவில் பறப்பதில்லை. மாட்டின் வயிற்றுக்குப் போவதில்லை. எரியாலைக்குப் போகின்றன. எரித்தால் குப்பையின் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறையும், கொஞ்சம் மின்சாரமும் கிடைக்கும். ஆனால் பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியம். எரித்தால் கரியமில வாயு. மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல் வழியாகப் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்த நிரப்பிடம்தான் நம்மிடம் மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்று. இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும். அப்போது நம்மில் பலருக்கு வயது முப்பதுகூடத் தாண்டியிருக்காது.

"நாங்கதான் நீலத் தொட்டியில போடுறோமே" என்று யாராவது சொல்வீர்கள். 2023-இல் இங்கே மறுசுழற்சி ஆன பிளாஸ்டிக் 5 விழுக்காடுதான். நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு உணவும் எண்ணெயும் பட்டது, அல்லது மறுசுழற்சிக்கே ஆகாதது. மசாலாப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே பளபளவென்று இருக்கும். பல பொட்டலங்களில் இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருக்கும். வாசனை போகாமல் காப்பதும் அதுதான், பிரித்தெடுக்க முடியாமல் செய்வதும் அதுதான்.

சரி, துணிப்பைக்கு மாறிவிடலாமா? தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அங்கே அது சரியான பேச்சு, ஏனென்றால் அங்கே வீசிய பை சாக்கடையை அடைக்கும், வயலில் கிடக்கும். ஆனால் நம் ஊரைப் போல் குப்பையை முழுக்கச் சேகரித்து எரிக்கிற நகரங்களுக்குக் கணக்கு வேறு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைக் கணக்கிட்டார்கள். 50 முறை பயன்படுத்திய பாலிப்ரொப்பிலீன் பைதான் (பேரங்காடிகளில் விற்கும், துணி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பை) முதலிடம். பருத்திப் பையையும் 50 முறை பயன்படுத்தினாலும், புவி வெப்பமாவதில் அதன் பங்கு இதைவிடப் பல மடங்கு அதிகம். பருத்தி விளைய அவ்வளவு தண்ணீர், உரம், மின்சாரம் தேவை. ஒரே தடவை பயன்படுத்தும் காகிதப் பை இன்னும் மோசம்.

அப்படியென்றால், வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கும் பைகளை எண்ணிப் பாருங்கள். கல்யாணத்தில் கொடுத்தது, குடும்ப தினத்தில் கொடுத்தது, கோயில் விழாவில் கொடுத்தது. எங்கள் வீட்டில் பதினேழு. பயன்படுவது இரண்டு. இயற்கைக்கு நல்லது என்று அச்சடித்த பதினைந்து பை சும்மா தொங்குகிறது என்றால் அதுவும் பரிக்கிரகம்தானே? நம் அமைப்பும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பை அச்சடிப்பதை நிறுத்தலாம் என்பது என் கருத்து. சிலருக்குப் பிடிக்காது, கூட்டத்தில் பேசுவோம்.

சந்தையில் நடைமுறைக்கு வருவோம். மீனுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் மூடியுள்ள டப்பா கொண்டுபோங்கள். தராசில் நிறுத்த பிறகு டப்பாவை நீட்டுங்கள், முன்னாடியே நீட்டினால் டப்பாவின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும். "பை வேணாம், அண்ணே" என்பதை அவர் கை பையைத் தொடுவதற்கு முன்பே சொல்லிடணும். கிழித்து எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

பருப்பு, அரிசிக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொட்டலத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே 8 மடங்கு பிடிக்கும், ஆனால் சுற்ற 4 மடங்கு உறைதான் வேண்டும். பெரிய மூட்டைக்கு உறை கொஞ்சம் தடிமனாக இருக்கும் என்றாலும் லாபம்தான். ஆனால் மூன்று பேர் உள்ள வீட்டில் பத்து கிலோ துவரம்பருப்பு வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வண்டு வந்துவிடும். உணவைக் கொட்டுவது பிளாஸ்டிக்கைவிடப் பெரிய வீண்.

அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "அப்புறம் குப்பையை எதுல கட்டிப் போடுறது?" நியாயமான கேள்வி. வீவக வீட்டில் குப்பையைக் கட்டாமல் குழாயில் போட்டால் கரப்பான்பூச்சிதான். இதற்காகக் கடையில் புதுசா குப்பைப் பை ரோல் வாங்கினால் நாம் எதையும் குறைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு பை போதும், வாரத்துக்கு ஏழு. ரொட்டிப் பை, அரிசிப் பை, கீரை சுற்றி வந்த உறை என்று எப்படியும் வீட்டுக்கு வந்துவிடுவதே நாலைந்து தேறும். மீதி இரண்டோ மூன்றோ தேக்காவிலிருந்து வரட்டும். பூஜ்யம் ஆக்கணும் என்று நான் சொல்லவில்லை. தேவை ஏழு என்றால் இருபது எதுக்கு?

அடுத்த வகுப்புக்கு முன் ஒரு வாரம் இரண்டு எண்களைக் குறித்து வாருங்கள்: வீட்டுக்குள் வந்த பைகள் எத்தனை, குப்பைக்குத் தேவைப்பட்டவை எத்தனை. கடைக்குப் போவது அம்மாவோ பாட்டியோ என்றால் நீங்களும் கூடப் போங்க. டப்பாவைத் தூக்குவது உங்க வேலை.