பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சிடுச்சு. புது லேப்டாப் வேணும்னு வீட்டில் கேட்பதற்கு முன் இதைப் பாருங்க.

விண்டோஸ் 11-க்கு டைரக்ட்எக்ஸ் 12 கிராபிக்ஸும் டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரும் தேவை. விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி, டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்று டைப் பண்ணுங்க. முதல் டேபில் 'டைரக்ட்எக்ஸ் 12' என்று இருந்தால் நம்பிடாதீங்க. அது விண்டோஸில் இருக்கும் வெர்ஷன், கிராபிக்ஸ் கார்டின் திறன் இல்லை. டிஸ்பிளே டேபில் உள்ள 'டிரைவர் மாடல்', 'ஃபீச்சர் லெவல்ஸ்' இரண்டும்தான் கார்டைப் பற்றிச் சொல்லும். மாடல் 2.0-க்குக் கீழே இருந்தால், முதல்ல டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்க. டிபிஎம் 2.0-வும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் தனியாக வேணும்.

தேறலையா? லினக்ஸ் இருக்கு. மேட்லேப், கிகேட் அதில் ஓடும். ஆனா ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மெக்கானிக்கல் நண்பர்களே, ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் எதுன்னு முடிவு பண்ணிட்டு மாறுங்க!