பகற்பொழுதில் மிகு தூக்கம்: அதை ஆராயும் முறை

தறியில் அமர்ந்த சிறிது நேரத்தில் கண் செருகுகிறது. இழை அறுந்தது தெரியாமல் சேலையில் பழுது விழுகிறது. டிராக்டர் ஓட்டுபவருக்கு நண்பகலில் தலை சாய்கிறது. இத்தகையோரைச் சோம்பேறி என்று எளிதில் ஏசிவிடுகிறோம். ஆயினும், பகலில் அடக்கவொண்ணாத தூக்கம் பல வேளைகளில் நோயின் அறிகுறியாகும். வைத்தியர் அதை எவ்வாறு ஆராய்கிறார் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, களைப்பு வேறு, தூக்கம் வேறு. களைத்தவர் படுக்க விரும்புவார். படுத்தாலும் உறக்கம் வாராதிருக்கலாம். மிகு தூக்கமுடையவரோ சும்மா அமர்ந்தாலே உறங்கிவிடுவார்.

இரண்டாவது, இரவில் போதிய உறக்கம் உண்டா என்று காண வேண்டும். வயது வந்தோர்க்கு நாள்தோறும் 7 மணி நேரமேனும் உறக்கம் தேவை. விசைத்தறியில் இரவு முறை பார்ப்போரும், இரவில் எழுந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவோரும் இதை இழக்கின்றனர். ஆதலால் படுத்த நேரம், விழித்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம், அருந்திய காப்பி, உண்ட மருந்து ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து வருமாறு வைத்தியர் கூறுவார். சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகளே தூக்கம் தருவன.

மூன்றாவது, தூக்கத்தை அளத்தல். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து எப்வொர்த் மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் முரே ஜான்ஸ் 1991-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். படிக்கும்போது, கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது, பிறருடன் பேசும்போது என்பன போன்ற 8 நிலைகளில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை எண்ணிட வேண்டும். மொத்தம் 24. கூட்டுத்தொகை 10-க்கு மேற்பட்டால் தூக்கம் மிகுதி எனக் கொள்வர். இது நோயின் பெயரைச் சொல்லாது. மேலும் ஆராய வேண்டும் என்பதையே உணர்த்தும்.

நான்காவது, அருகில் உறங்குவோரை வினவுதல். உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திணறி எழுதலும் நோயாளி தாமே அறியாதவை. உறக்கத்தில் தொண்டை வழி அடைபடுவதே இதன் காரணம். பருத்த உடலும், தடித்த கழுத்தும், காலைத் தலைவலியும், இரத்த அழுத்தமும் இதற்குத் துணைச் சான்றுகள். இரவு முழுதும் மூச்சையும் இரத்தத்தின் பிராணவாயு அளவையும் கருவியால் பதிவு செய்து இதை உறுதிப்படுத்துவர். சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் விளக்கிய, மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தும் முறை இதற்குச் சிறந்த சிகிச்சை.

ஐந்தாவது, பிற காரணங்கள். தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, இரும்புச்சத்துக் குறைவால் இரவில் கால்கள் அமைதியிழத்தல் முதலியவற்றையும் பார்க்க வேண்டும். சிரிக்கும்போது முழங்கால் திடீரெனத் தளர்ந்தால் நார்கோலெப்ஸி என்னும் அரிய நோயை ஐயுறுவர். அதற்குப் பகலில் 2 மணிக்கொரு முறையாக 4 அல்லது 5 தடவை படுக்கவைத்து, உறக்கம் வர எத்தனை நிமிஷமாகிறது என்று அளப்பர். சராசரி 8 நிமிஷமோ அதற்குக் குறைவோ ஆயின் தூக்கம் மிகுதி என்பது உறுதி.

காரணம் தெரிந்து குணமாகும்வரை வண்டி ஓட்டுதலும், ஓடும் இயந்திரத்தின் அருகே தனித்து நிற்றலும் ஆகா. ஒரு கணம் கண் மூடினால் கை போகும், உயிரும் போகலாம். நம் வீட்டிலோ பட்டறையிலோ இவ்வாறு உறங்குவார் ஒருவர் உண்டெனில், அவரை ஏசுவதை விடுத்து, அவருடைய இரவை விசாரித்து, குறிப்பேட்டுடன் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.