கணக்கில் விடுபட்ட படிகளை வீட்டில் நிரப்புவது எப்படி?

வழியில் ஒரு வருடம், இன்னொரு நாட்டில் இரண்டு வருடம் என்று உங்கள் பிள்ளையின் படிப்பு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒக்லாந்துப் பாடசாலைகள் பெரும்பாலும் வயதைப் பார்த்தே வகுப்பில் விடுகின்றன. 9 வயதுப் பிள்ளை 5ஆம் ஆண்டில் இருப்பார். ஆனால் 2ஆம் தரத்துப் பாடம் ஒன்று அவருக்குக் கிடைக்காமலே போயிருக்கும். "என்ர பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவெடுக்காதேங்கோ. விடுபட்ட படியைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

முதலில் ஒரு விடயம். இங்கே 6 முதல் 16 வயது வரை பாடசாலை கட்டாயம். அகதி அந்தஸ்துக் கோரியவர்களின் பிள்ளைகளும் அரச பாடசாலையில் உள்நாட்டு மாணவராகச் சேரலாம். பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்க விரும்பினால் கல்வி அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். கீழே சொல்வது பாடசாலையோடு சேர்த்து வீட்டில் செய்வதற்கு.

1. தேடுங்கள்

ஒரு கொப்பித் தாளில் இடப்பெறுமானம், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், நேரம் ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு சின்னக் கணக்கு எழுதுங்கள். நேரம் பார்க்கவேண்டாம், ஏசவும் வேண்டாம். செய்து முடித்ததும் "எப்பிடிச் செய்தனி?" என்று கேளுங்கள். விடையைவிட அந்தப் பதில்தான் முக்கியம்.

2. பிழையைப் படியுங்கள்

306ஐ 3ஆல் வகுத்து 12 என்று எழுதினால், வகுக்கத் தெரியாது என்று நினைக்காதேங்கோ. சைபரின் இடம் விளங்கவில்லை. சரியான விடை 102. இடப்பெறுமானத்துக்குத் திரும்பிப் போங்கள்.

மூன்றில் ஒன்றைவிட நாலில் ஒன்று பெரிது என்றால், இரண்டு ரொட்டியை எடுத்து ஒன்றை மூன்றாகவும் மற்றதை நாலாகவும் வெட்டிக் காட்டுங்கள்.

2.5 டொலரைவிட 2.35 டொலர் கூட என்றால், இரண்டையும் சதமாக்குங்கள்: 250, 235. இங்கே 5 சதக் குற்றி 2006இல் நிறுத்தப்பட்டது. அதனால் காசாகக் கட்டும்போது 12.43 டொலர் 12.40 ஆகும், 12.47 டொலர் 12.50 ஆகும். கடைக்குப் போகும்போது பிள்ளையையே கணக்குப் பார்க்க விடுங்கள். கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டுகிற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

சில பிழைகள் ஆங்கிலத்தால் வரும். "ஹவ் மெனி மோர்" என்றால் எத்தனை கூட என்று கேட்கிறார்கள், அங்கே கழிக்கவேண்டும். "மோர்" என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை கூட்டிவிடும். அதே கணக்கைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். சரியாகச் செய்தால் குறை சொல்லில்தான்.

3. ஒவ்வொன்றாக நிரப்புங்கள்

ஒரு நாளைக்கு 20 நிமிடம், ஒரே ஒரு பாடம். முதலில் பொருளை வைத்து, பிறகு படம் கீறி, கடைசியில் எண்ணில். ஒரு கிழமை கழித்து அதே மாதிரிக் கணக்கைத் திரும்பக் கொடுங்கள். மறந்திருந்தால் இன்னும் இரண்டு நாள்.

இங்கே பிள்ளைகள் 38 + 27ஐ மனதில் பிரித்துச் செய்வார்கள்: 38உடன் 2 சேர்த்தால் 40, மிச்சம் 25, மொத்தம் 65. நாங்கள் படித்த முறை இல்லை என்று தடுக்காதேங்கோ. இரண்டும் சரி. வாய்ப்பாடு பாடமாக்கியிருந்தால் அதையும் விடவேண்டாம்.

ஒக்லாந்து நூலகங்களில் இங்கு வசிப்போருக்கு அங்கத்துவம் இலவசம். 2021 முதல் பிந்திக் கொடுத்தாலும் தண்டப் பணம் இல்லை. கணக்குப் புத்தகங்களைப் பயமில்லாமல் எடுத்து வாருங்கள்.

கடைசியாக, அந்தத் தாளை வகுப்பு ரீச்சரிடம் காட்டுங்கள். ஆங்கிலம் வராத பிள்ளை வகுப்பில் பேசாமல் இருந்தால், கணக்கும் தெரியாது என்று நினைத்துவிடக்கூடும். எது தெரியும், எது விடுபட்டது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். கதைக்கத் தயக்கம் என்றால் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலையிடம் கேளுங்கோ. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.