திரி இல்லாத குழாயில் சூடு எப்படி ஓடுகிறது?

கேள்வி: லேப்டாப்பில் சிப்பின் சூட்டை ஹீட் பைப் கடத்துவது தெரியும். ‘பல்சேட்டிங் ஹீட் பைப்’பில் திரியே கிடையாதாமே? திரவம் எப்படித் திரும்பி வரும்? எது சிறந்தது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஆவியே திரவத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

வழக்கமான ஹீட் பைப்பில் சூடான முனையில் ஆவியாகும் திரவம், குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகும். உட்சுவரில் உள்ள செம்புத்தூள் திரி அதை உறிஞ்சித் திருப்பி அனுப்பும். ஜப்பானியரான ஹிசாதெரு அகாச்சி 1990-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில் இந்தத் திரிக்கு வேலையில்லை. மெல்லிய செம்புக் குழாய் ஒன்றைப் பலமுறை முன்னும் பின்னுமாக வளைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஏறக்குறைய பாதியளவு திரவம் நிரப்பி மூடிவிடுகிறார்கள். ஒரு பக்க வளைவுகள் சிப்பின் மீதும், எதிர்ப்பக்க வளைவுகள் ஃபேன் காற்றிலும் இருக்கும்.

குழாய் மெல்லியதாக இருப்பதில்தான் சூட்சுமம். துளை சிறிதானால் பரப்பு இழுவிசை புவியீர்ப்பை வென்றுவிடும். திரவம் அடியில் தேங்காமல், துண்டு துண்டாக, இடையிடையே ஆவிக் குமிழிகளோடு நிற்கும். தண்ணீருக்கு இந்த எல்லை சுமார் 5 மில்லிமீட்டர், எத்தனாலுக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி.

ஆய்வகங்களில் குழாயின் ஒரு பகுதியைக் கண்ணாடியில் அமைத்துப் பார்ப்பதுண்டு. சூடு குறைவாக இருக்கையில் திரவத் துண்டுகள் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். வாட்டைக் கூட்டினால் சூடான பக்கத்துக் குமிழிகள் உப்பும், குளிர்ந்த பக்கத்தில் சுருங்கும். அந்த அழுத்த வேறுபாட்டில் துண்டுகள் பாய்ந்து பாய்ந்து ஊசலாடும். இன்னும் கூட்டினால், இரு முனைகளும் இணைந்த குழாயில் திரவம் ஒரே திசையில் சுற்றத் தொடங்குவதும் உண்டு. அளவு மீறினால் சூடான பக்கம் காய்ந்துபோய், வெப்பநிலை சடாரென்று எகிறும்.

ஆகவே, இதன் வெப்பத்தடையை ஒரே எண்ணில் சொல்வது தவறு. 60 வாட் கடத்தும்போது இரு முனைகளுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், தடை வாட்டுக்கு 0.5 டிகிரி. அதே குழாய் 10 வாட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்! வளைவுகள் குறைவாக இருந்தால், படுக்கவைத்ததும் நின்றுபோகவும் கூடும். வளைவுகளைக் கூட்டினால் இந்தக் குறை தணியும்.

விண்வெளியில் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2017-இல் ஏவப்பட்ட அமெரிக்க விமானப்படையின் எக்ஸ்-37பி விண்கலத்தில் இவ்வகைக் குழாய்கள் சென்றன.

லேப்டாப்புக்குத் திரி வைத்த ஹீட் பைப்பே போதும். குறைந்த சூட்டிலேயே அது விழித்துக்கொள்ளும். பவர் எலக்ட்ரானிக்ஸ் பலகைகளில்தான் பல்சேட்டிங் வகை மிளிரும். திரி தேவையில்லாததால், அலுமினியத் தட்டிலேயே வளைந்த வாய்க்கால்களைக் குடைந்துவிடலாம். ஆனால் அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகி, குழாய் செயலிழக்கும். அங்கே அசிட்டோன்தான் பொருத்தம்.