நான்காவது பாடம் எது?

அன்புள்ள கயல்விழி,

"பொருளியல் பிடிக்கும் என்று காமர்ஸ் குரூப் எடுத்தால், பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கெல்லாம் வீணா தாத்தா?" என்று கேட்டாயே, அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உன்னை அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மார்க் கூடினால் அறிவியல், குறைந்தால் வணிகவியல் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் ஒழியவில்லை. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கேட்பார் இல்லை.

அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கணிதமும் அறிவியலும் கொண்ட முதல் குரூப் படித்தவர் பிறகு பி.காம்., சட்டம், சி.ஏ. என்று எதற்கும் திரும்பலாம். காமர்ஸ் படித்தவர் பி.இ.க்கோ மருத்துவத்துக்கோ போக முடியாது. முப்படைகளுக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதினாலும் தரைப்படைப் பிரிவு மட்டும்தான். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். இவற்றில் ஏதாவது உன்னை இழுக்கிறதா என்று யோசி. இல்லையென்றால் நீ எதையும் இழக்கவில்லை.

ஆனால் யாரும் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. காமர்ஸ் குரூப்பில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மூன்றும் பொது. நான்காவது பாடம்தான் பள்ளிக்குப் பள்ளி மாறும்: ஓரிடத்தில் வரலாறு, ஓரிடத்தில் கணினிப் பயன்பாடுகள், ஓரிடத்தில் வணிகக் கணிதமும் புள்ளியியலும். எதை எடுத்தாலும் 35 வாங்கினால் தேர்ச்சிதான். ஆனால் தேர்ச்சி வேறு, அடுத்த படிப்புக்கான தகுதி வேறு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர வேண்டுமானால் க்யூட் நுழைவுத்தேர்வில் கணிதத்தாள் எழுதியாக வேண்டும். பிறகு எம்.ஏ.வுக்குப் பெரிய கல்வி நிறுவனங்களில் இடம் தேடும்போதும் நுண்கணிதம், புள்ளியியல் இரண்டும் முன்னால் வந்து நிற்கும்.

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பார். முதல் பாடமே அணிகள். அதில் உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு என்று ஒரு பகுதி வரும். வாசிலி லியோன்டிஃப் என்ற பொருளியலாளர் உருவாக்கிய முறை. அதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கூடுகிறது என்று வைத்துக்கொள். பனியனுக்கு நூல் வேண்டும். நூற்பாலைக்கு மின்சாரம் வேண்டும். அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி வேண்டும். அந்த நிலக்கரியைத் தோண்டி எடுக்க மறுபடியும் மின்சாரம்! அப்படியானால் மொத்தத்தில் எவ்வளவு மின்சாரம் கூடுதலாக வேண்டும்? ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு முடியாது. லியோன்டிஃப் ஒரு தொழில் இன்னொன்றிடம் வாங்குவதையெல்லாம் அட்டவணையாக்கி, அதிலிருந்து ஓர் அணியை அமைத்து, அதன் நேர்மாறு அணியைக் கண்டுபிடித்தால் விடை ஒரே முறையில் வரும் என்று காட்டினார். கல்லூரி நூலகத்தில் அவருடைய அட்டவணைகளை முதலில் பார்த்தபோது ஒரு நாட்டையே ஒரு தாளில் படிப்பதுபோல இருந்தது எனக்கு. இதைப் பதினாறு வயதில் சொல்லித்தரும் பாடத்தை 'கணக்கு வராதவர்களுக்கான கணக்கு' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் விண்ணப்பம் வாங்கும்போது 'காமர்ஸ் இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதே. நான்காவது பாடம் எது என்று கேள். நீ சேர நினைக்கும் கல்லூரி வணிகக் கணிதத்தைக் கணிதமாக ஏற்குமா என்று அதன் சேர்க்கைக் கையேட்டிலேயே பார்த்துவிடு. அடுத்த வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாதே. உன் பள்ளியில் அந்தப் பாடம் இல்லையென்றால் வேறு பள்ளியில் விசாரி, பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தாலும் சரி. அதற்கும் வழியில்லை என்றால் முதல் குரூப்பையே எடுத்துக்கொள். பொருளியலைக் கல்லூரியில் தொடங்கலாம். விட்டுப்போன கணிதத்தை அங்கே போய்ப் பிடிப்பது கடினம்.

அன்புடன்,
தாத்தா