அம்மா வேலைக்குப் போனால், பிள்ளை யார் பொறுப்பு?



நடவும் களையெடுப்பும் மும்முரமா நடக்கும் மாதங்களில் உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கேட்டுப் பாருங்க. எந்தப் பிள்ளைங்க அடிக்கடி லீவு போடுறாங்க? கைக்குழந்தை இருக்கிற வீட்டு மூத்த பெண் பிள்ளையும் அதில் இருக்கும். அம்மா கூலிக்குப் போனதும் அவர் பார்த்த வேலை அப்பாவிடம் போவதில்லை, மகளிடம் போய் விடுகிறது.

ஏன்? பொறுப்பான அப்பா என்றால் சம்பாதிச்சுக் கொடுப்பவர். பொறுப்பான அம்மா என்றால் சமையல், தண்ணி, பிள்ளை, மாமியார் மாத்திரை எல்லாம் பார்ப்பவர். ஆண் மட்டும் வேலைக்குப் போவதாக நினைத்துப் போட்ட கணக்கு இது. (நம்ம பாட்டிமாரும் வயலில்தான் நின்றார்கள், அதை யார் கணக்கில் எடுத்தா?) இன்று இருவரும் வேலைக்குப் போகிறோம். கணக்கு மட்டும் மாறவில்லை.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையே தொடாத ஆண்கள் இந்த 88-ல் சேர்த்தி இல்லை!

நம்ம பேச்சையும் கவனிங்க. வீட்டுக்காரர் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் "உதவி பண்றார்" என்கிறோம். பெத்த பிள்ளைக்கு ஊட்டுவது எப்படி உதவி ஆகும்? அதேபோல, நம்ம கூலியில்தான் குழுக்கடன் தவணையே கட்டுறோம், ஆனாலும் அது வெறும் "ஒத்தாசை". வேலை இல்லாத நாளில் ஒருத்தர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் சிரிக்கிறோம். அதில் பெண்களான நாமும் உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் சார்ட் தாளில் மூன்று கடிகாரம் வரையுங்கள்: அம்மா, அப்பா, மூத்த மகள். காலை எழுவது முதல் படுக்கும் வரை யார் என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். மகளின் கடிகாரத்தில் படிப்புக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்? தாளை வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். சண்டைக்கு வேண்டாம், கணக்கு பேச.

பிறகு, வேலை உச்சத்தில் இருக்கும் நாட்களில் சின்னக் குழந்தையை அங்கன்வாடியில் விடுவது யார், கூட்டி வருவது யார் என்று வீட்டு வாரியாகப் பேசி முடிவெடுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவும் வாரம் ஒருமுறை டீச்சருக்குப் போன் போட்டு விசாரிக்கலாம். முடிவானதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.