கோவிலுக்கு வைஃபை: கமிட்டியில் கேட்பது முதல் பாஸ்வேர்டு வரை

சி.எஸ்.ஐ. சபைகளில் ‘கோவிலுக்கு வைஃபை போடலாம்’ என்று ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிகளே, கமிட்டிப் பெரியவங்க தயங்கினால் கோபப்படாதீங்க. மாசாமாசம் யார் பணம் கட்டுறது, ஆராதனை நேரத்துல பிள்ளைங்க போனைப் பார்ப்பாங்களே, பழைய சுவரை உடைச்சிடுவாங்களோ? அவங்க கவலை இந்த மூணுதான். மூணுக்கும் பதிலோட போனால் அனுமதி கிடைப்பது சுலபம்.

1. முதல்ல ஐயரை (சபைப் போதகரை) பாருங்க. கமிட்டியில திடீர்னு எழுந்து கேட்காதீங்க. ஐயர், செயலர், பொருளாளர் மூணு பேர்கிட்டயும் முன்கூட்டியே பேசி, அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்க.

2. ஒரே பக்கத்துல மனு. கோவிலுக்கு வர முடியாத முதியவங்க வீட்டிலிருந்தே ஆராதனை பார்க்கணும், ஓய்வுநாள் பள்ளிக்குப் படம் காட்டணும், ஆபீஸ் வேலை நடக்கணும் என்று தேவையை எழுதுங்க. வைஃபை என்ற வார்த்தை அதுக்கு அப்புறம் வரட்டும்.

3. செலவை மறைக்காதீங்க. மாத வாடகை, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ரூட்டர், கேபிள், ஆள் கூலி எல்லாத்தையும் தனித்தனியா போடுங்க. ரெண்டு மூணு கொட்டேஷன் இணையுங்க. முதல் வருஷத்துக்கு யாராவது காணிக்கையா ஏத்துக்கிட்டாலும், அடுத்த வருஷத்துக்குப் பட்ஜெட்ல இடம் கேளுங்க.

4. இணைப்பு சபை பேர்ல இருக்கட்டும். ஆர்வமுள்ள ஒருத்தர் தன் பேர்ல வாங்கித் தந்தால், அவர் வேலை மாறி வெளியூர் போகும்போது சிக்கல். தப்பா யாராவது பயன்படுத்தினால் விசாரணையும் அவர் வாசலுக்குத்தான் வரும். தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்துல ஏறிய பிறகே விண்ணப்பம் போடுங்க.

5. வாங்குறதுக்கு முன்னால நடந்து பாருங்க. பழைய கோவில்களில் கல் சுவர் தடிமனா இருக்கும். வெஸ்ட்ரியில் (ஐயர் ஆயத்தமாகும் அறையில்) வைக்கிற ரூட்டரின் சிக்னல் பாடகர் குழு இருக்கும் இடத்துக்கே வராமல் போகலாம். ஒருத்தர் வெஸ்ட்ரியில் போன் ஹாட்ஸ்பாட்டைப் போடட்டும். நீங்க இன்னொரு போனோட பீடம், நடுப்பாதை, வாசல், ஓய்வுநாள் பள்ளி அறை என்று நடந்து, சிக்னல் குறையும் இடத்தைக் குறிச்சுக்கோங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். ரெண்டும் எட்டாத இடத்துக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்க. ஈதர்நெட் கேபிளை 100 மீட்டருக்குள்ளேயே இழுக்கணும்.

6. சுவரைத் துளைக்காதீங்க. மைக் வயர், கரண்ட் வயர் நுழையும் பழைய துளையோ, ஜன்னல் சட்டமோ போதும். கரண்ட் வயரை ஒட்டி நெட் கேபிளை ஓட்டாதீங்க, தனிக் குழாய் கொடுங்க. கோபுரமுள்ள கட்டடத்துக்கு இடி பயம் உண்டு. வெளியே ஓடுறது ஃபைபராவே இருக்கட்டும்.

7. நேரலைக்கு வைஃபையை நம்பாதீங்க. ஒளிபரப்பும் கம்ப்யூட்டருக்கு நேரா கேபிள் கொடுங்க. பிளான் எடுக்கும்போது அப்லோட் வேகத்தைக் கேளுங்க. தெளிவான படத்துக்கு 10 எம்பிபிஎஸ் இருந்தால் நிம்மதி. கரண்ட் போனாலும் நேரலை அறுபடாமல் இருக்க ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் வேணும். யூடியூப்பில் முதல் முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை ராத்திரி வரை காத்திருக்காதீங்க.

8. ரெண்டு நெட்வொர்க். ஆபீஸுக்கும் நேரலைக்கும் ஒன்று, விருந்தினருக்கு இன்னொன்று. ஆராதனை நேரத்துல விருந்தினர் நெட்வொர்க் தானா அணையும்படி செட் பண்ணலாம். பெரியவங்க மனசு நிம்மதியாக இதைக் கமிட்டியிலேயே சொல்லிடுங்க.

9. ஒப்படைச்சுட்டு விலகுங்க. ரூட்டர் பாஸ்வேர்டு, கணக்கு எண், பில் தேதி எல்லாத்தையும் எழுதி, ஒரு பிரதி ஐயரிடம், இன்னொன்று செயலரிடம். பராமரிக்க வாலிபர் சங்கத்துல ரெண்டு பேரைப் பழக்குங்க. ஐயர் மாற்றலாகிப் போவாங்க, கமிட்டியும் மாறும். நீங்க இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அது ஓடினால்தான் அது சபையின் சொத்து.